உள்ளே விட்ட துணி

ஜனவரி 9

அன்புள்ள உனக்கு,

இங்கே நலம். நீயும் மகளும் மருமகனும் பேத்தியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ அங்கே போனதிலிருந்து நம் போன் பேச்சு "சாப்பிட்டீங்களா", "சாப்பிட்டேன்", "குழந்தை?", "தூங்குது" என்பதோடு முடிந்துவிடுகிறது. மகள் பக்கத்தில் நிற்கிறாளே என்று உனக்குத் தயக்கம். எனக்குக் காது மந்தம். கடிதம் என்றால் இரண்டு தொல்லையும் இல்லை.

விஷயம் இதுதான். சின்னவன் தான் கட்டிக்கொள்ளப்போகும் பெண்ணை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அழைத்து வந்தான். கூடத்தில் மாட்டியிருக்கும் நம் கல்யாணப் போட்டோவை அந்தப் பெண் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "மாமா, மே மாசம் எங்க கல்யாணத்துக்கு நீங்களும் அத்தையும் இதே டிரஸ்ல வந்து நிக்கணும். ரெண்டு போட்டோவையும் பக்கத்துல பக்கத்துல மாட்டப்போறேன்" என்றாள். மறுக்கத் தோன்றவில்லை. அந்த வயதில் யாராவது நம்மிடம் எதையாவது ஆசையாகக் கேட்டால் சரி என்று சொல்லத்தான் வாய் வருகிறது.

அவர்கள் போனபின் அலமாரியைத் திறந்தேன். உன் பட்டுப்புடவையும் ரவிக்கையும் இருந்த இடம் காலியாக இருந்தது. நீ எடுத்துப் போயிருப்பது அப்போதுதான் தெரியும். என் சந்தனப் பட்டுச் சட்டை மட்டும் கிடந்தது. போட்டுப் பார்த்தேன். வேட்டிக்குக் கவலை இல்லை. இளைத்தவனையும் பெருத்தவனையும் அது ஒரே மாதிரிதான் சுற்றிக்கொள்ளும். சட்டைதான் கேள்வி கேட்கும். மேல் பொத்தான் இரண்டும் போட முடிந்தது. மூன்றாவது, எட்டாத கிளையைப் பார்ப்பதுபோல் துளையைப் பார்த்துக்கொண்டு நின்றது.

போன ஜூலையில், நம் கல்யாண நாளன்று, அந்தச் சட்டை எனக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது உனக்கு நினைவிருக்கும். ஆறு மாதம் பேக்கரி பன்னும் டீக்கடை பஜ்ஜியும் செய்த வேலை இது. குறைத்துவிடலாம். மே மாதத்துக்கு இன்னும் காலம் இருக்கிறது.

நீயும் உன்னுடையதை எடுத்துப் பார். குளியலறைக் குழாய் மறுபடி சொட்டுகிறது.

இப்படிக்கு,
நான்.

*

ஜனவரி 24

உங்களுக்கு,

கடிதம் வந்தது. கவரைப் பார்த்ததும் மகள், "அப்பாவுக்கு உடம்பு சரியில்லையாம்மா?" என்று பயந்துவிட்டாள். இந்த வீட்டுக்குக் கடிதம் என்று வந்தால் அது வங்கியிலிருந்துதான் வரும்.

வரப்போகிற மருமகளின் ஆசை நல்ல ஆசைதான். ஆனால் நான் அந்த ரவிக்கையைப் போட்டுக்கொண்டு நிற்கப் போவதில்லை. கல்யாணத்துக்கு வருவேன். பெற்ற தாய் வராமல் இருக்க முடியாது. வேறு புடவை கட்டிக்கொண்டு ஓரமாக நிற்பேன். நீங்கள் உங்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு நடுவில் நில்லுங்கள். நீங்கள்தான் மாறவே இல்லையே. ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு சொன்னீர்களே, "நான் அன்னைக்குப் போட்ட சட்டையை இன்னைக்கும் போடறேன். என் குருவிதான் கோழியாயிட்டா" என்று. நீங்கள் வைத்த பெயர் குருவி. அதை மாற்றி வைக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

பேத்திக்கு மேல் பல் இரண்டு முளைத்திருக்கிறது. மகளும் மருமகனும் காலையில் வேலைக்குக் கிளம்பிப் போனபின் நானும் அவளும்தான். லிப்ட் ஏறுகிற சத்தம், இறங்குகிற சத்தம். நம் மாடியில் நிற்கப் போகிறதா என்று குழந்தை தலையைத் தூக்கிப் பார்க்கும். நானும் பார்ப்பேன்.

குழாய்க்கு வாஷர் மாற்ற வேண்டும். சமையலறையில் கத்தி வைக்கும் இழுப்பறையின் பின்பக்கம் ஒரு டப்பாவில் இருக்கிறது.

இப்படிக்கு,
கோழி.

*

பிப்ரவரி 15

அன்புள்ள உனக்கு,

வாஷர் கிடைத்தது. நானே மாற்றினேன். இப்போது சொட்டவில்லை. ஆனால் ராத்திரி அந்தச் சத்தம் கேட்காமல் வீடு இன்னும் பெரிதாகத் தெரிகிறது.

நடக்க ஆரம்பித்திருக்கிறேன். வேறு எங்கே, நம் பள்ளிக்கூட மைதானத்தில்தான். மணி அடிப்பதற்கு முன்பு காலி மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறேன். முதல் வாரம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்த காவலாளி ஒருநாள் கிட்டே வந்தார். "சார், எதையாவது தொலைச்சிட்டீங்களா? சொல்லுங்க, நானும் தேடறேன்" என்றார். உடம்பைக் குறைக்க நடக்கிறேன் என்றேன். "அப்ப தொலைக்கத்தான் வந்திருக்கீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எடை பார்க்கும் இயந்திரம் வாங்கவில்லை. ஏழாம் வகுப்புக்கு அறிவியலில் அளவை பாடம் நடத்தும்போது நான் சொல்வது உனக்குத் தெரியும். "அளக்கிற பொருள் மாறலாம், அளவுகோல் மாறக் கூடாது. ரப்பரால் செய்த அடிக்கோலை வைத்து மேசையை அளந்தால், இழுக்க இழுக்க மேசை குட்டையாகிக்கொண்டே போகும்" என்பேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். எனக்கு அந்தச் சட்டைதான் மாறாத அளவுகோல். வாரம் ஒருமுறை போட்டுப் பார்க்கிறேன். இப்போது மூன்றாவது பொத்தான் போட முடிகிறது. நான்காவதுக்கு மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டும்.

கல்யாண நாளன்று நான் சொன்னதை நீ இன்னும் மனதில் வைத்திருக்கிறாய் என்று தெரிகிறது. அது வேடிக்கைக்குச் சொன்னது. எல்லோரும் சிரித்தார்கள். நீயும்தான் சிரித்தாய். பிறகு பேத்தியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று நீ கிளம்பிப் போனதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டென்று நான் நினைக்கவே இல்லை.

ரவிக்கையைப் போட்டுப் பார்த்தாயா? நீயும் கொஞ்சம் நடக்கலாமே.

இப்படிக்கு,
நான்.

*

மார்ச் 2

உங்களுக்கு,

நடந்து விழும் குழந்தையைப் பார்த்திருக்கிறீர்களா? விழுந்தவுடன் அது அழுவதில்லை. முதலில் சுற்றி இருக்கிறவர்கள் முகத்தைப் பார்க்கிறது. எல்லோரும் சிரித்தால் அதுவும் சிரித்துவிடுகிறது. அடி படவில்லை என்று அர்த்தமில்லை. உங்களுக்கு உதாரணம் சொன்னால்தான் புரியும் என்பதால் எழுதுகிறேன்.

போட்டுப் பார்த்தாயா என்று கேட்டிருக்கிறீர்கள். பார்த்தேன். போன செவ்வாய்க்கிழமை, இரண்டு பேரும் வேலைக்குப் போனபின். ஒரு கை முழங்கை வரை போனது. மற்றக் கையையும் விட்டேன். முதுகுப் பக்கம் துணி சுருண்டு பிடித்துக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கழற்றவும் வரவில்லை. பலமாக இழுத்தால் பட்டு கிழிந்துவிடும். கையைப் பின்னால் கட்டிய மாதிரி கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். குழந்தை தொட்டிலில் நின்றுகொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பாட்டி மாட்டிக்கிட்டேன்டி" என்றேன். கை தட்டினாள். கூப்பிட்டால் வர ஒரு ஆள் இல்லை. எதிர்வீட்டுக் கதவு சாத்தியே இருக்கும். அவர்கள் பெயர்கூட எனக்குத் தெரியாது. பிறகு வியர்த்தோ என்னவோ, கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கிக் கழன்றது. அதற்குள் குழந்தை பசித்து அழ ஆரம்பித்துவிட்டாள்.

மகளிடம் சொல்லவில்லை. இந்த வீட்டில் எல்லோரும் என்னிடம் அன்பாகத்தான் பேசுகிறார்கள். பேச்செல்லாம் குழந்தையைப் பற்றித்தான். பால் குடித்தாளா, தூங்கினாளா, இருமினாளா. அவள் தட்டில் மிச்சம் வைப்பதை நான் வாயில் போட்டுக்கொள்கிறேன். என் உடம்பு எப்படிக் குறையும்?

நடப்பது சரி. என்ன சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை எழுதவில்லையே?

கோழி.

*

மார்ச் 20

அன்புள்ள உனக்கு,

வெற்றி! எல்லாப் பொத்தானும் போட்டாகிவிட்டது. மூச்சைப் பிடிக்கவில்லை, வயிற்றை எக்கவில்லை. கண்ணாடி முன் நின்றபோது கூடத்துப் போட்டோவில் இருக்கிற அந்த மாப்பிள்ளையே நிற்பதுபோல் இருந்தது, தலைமுடியைத் தவிர. உன்னைக் கூப்பிட வாயெடுத்துவிட்டேன். கூப்பிட்டும்விட்டேன் என்று நினைக்கிறேன். மாடிவீட்டு நர்ஸ் படியில் பாதி இறங்கி வந்து, "சார், கூப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

உண்மையில் அன்று இருந்ததைவிடக் கொஞ்சம் தாராளமாகவே இருக்கிறது. இரண்டு பக்கமும் கையில் பிடித்தால் ஒரு பிடி துணி வருகிறது. தோள் சற்று இறங்கித் தெரிகிறது. சனிக்கிழமை தையல்காரரிடம் கொடுத்துக் கொஞ்சம் பிடித்துவிடச் சொல்லலாம் என்றிருக்கிறேன்.

என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டிருந்தாய். கவலைப்படாதே. காலையில் டீ, ரொட்டி. மத்தியானம் வாழைப்பழம், சில நாள் முட்டை. ராத்திரி பசி இருப்பதில்லை. ஓர் ஆளுக்காகப் பாத்திரத்தையெல்லாம் அழுக்காக்குவானேன் என்று பெரிய பாத்திரங்களைப் பரணில் ஏற்றிவிட்டேன். அடுப்பு மேடையைத் துடைத்துவிட்டு அதன்மேல் செய்தித்தாளை விரித்து நின்றபடியே படிக்கிறேன். நல்ல வெளிச்சம் அங்கே. நீ வந்து பார்த்தால் இவ்வளவு சுத்தமான சமையலறையா என்று ஆச்சரியப்படுவாய்.

நீ கடிதத்தில் எழுதியிருந்த குழந்தை உதாரணத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஆசிரியர் வேலைக்கு நீ போயிருக்க வேண்டும்.

ரவிக்கையில் மாட்டிக்கொண்ட கதையைப் படித்து முதலில் சிரித்தேன். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது.

இப்படிக்கு,
நான்.

*

மார்ச் 25

உங்களுக்கு,

சட்டையைத் தையல்காரரிடம் கொடுக்காதீர்கள். இந்தக் கடிதம் சனிக்கிழமைக்குள் வராது என்று தெரியும். அதனால்தான் நேற்று ராத்திரி போன் செய்து, "சட்டையைக் கொடுக்காதீங்க, ஏன்னு எழுதறேன்" என்று மட்டும் சொன்னேன். மகள் பக்கத்தில் இருந்தாள். "அப்பாவோட சட்டைக்கு என்னம்மா இப்ப அவசரம்?" என்றாள். அவளிடம் சொல்லிவிட்டு உங்களிடம் சொல்ல முடியாது. முதலில் உங்களுக்குத்தான் தெரிய வேண்டும்.

இதைச் சொல்லவே கூடாது என்றிருந்தேன். நீங்கள் உதவித் தலைமையாசிரியராகி நாற்காலியில் உட்கார ஆரம்பித்த வருஷம், கல்யாண நாளுக்கு முன்தினம் சட்டையை வெயிலில் போட எடுத்தேன். உங்கள் மற்றச் சட்டைகளோடு வைத்துப் பார்த்தேன். போட முடியாது என்று பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. பக்கத் தையலைப் பிரித்து, உள்ளே விட்டிருந்த துணியிலிருந்து அரை விரல் வெளியே எடுத்துத் தைத்தேன். மறுநாள் நீங்கள் போட்டுக்கொண்டு, "பாத்தியா, அப்படியே இருக்கேன்" என்று காலை முழுக்கக் கண்ணாடியை விட்டு நகரவில்லை. அதைப் பார்க்க எனக்கு நன்றாக இருந்தது. அதனால் அடுத்த முறையும் செய்தேன். அதற்கடுத்த முறையும்.

பிறகு உள்ளே விட்ட துணி தீர்ந்துவிட்டது. வேறு துணி வைத்தால் நிறம் காட்டிக்கொடுக்கும். உங்கள் சட்டையும் என் ரவிக்கையும் ஒரே துணியில் வெட்டியது, மறந்துவிட்டீர்களா? என் அப்பா ஒரே துணியாக வாங்கிக் கொடுத்தார். என் ரவிக்கையில் பக்கத்திலும் கையிலும் மடித்து விட்டிருந்த துணியை எல்லாம் வெட்டி எடுத்து, ஒட்டுப் போட்டு, உங்கள் சட்டையின் இரண்டு பக்கமும் பட்டையாக வைத்துத் தைத்தேன். அக்குளுக்குக் கீழே இருப்பதால் கையைத் தூக்கினால்தான் தெரியும். நீங்கள் கையைத் தூக்கிப் பார்க்கிற ஆள் இல்லை.

அதனால்தான் என் ரவிக்கையைப் பிரித்து விட வழியில்லை. அன்றைக்கு எல்லோர் முன்னாலும் நீங்கள் சிரித்தது, போட முடியாமல் நான் கையில் வைத்திருந்த அந்த ரவிக்கையைப் பார்த்துத்தான்.

இதைக் குத்திக்காட்ட எழுதவில்லை. குத்திக்காட்ட வேண்டுமென்றால் அன்றைக்கே கூடத்தில் வைத்துச் சட்டையைத் திருப்பிக் காட்டியிருப்பேன். இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், கணக்கு வாத்தியார் இல்லாவிட்டாலும் இந்தக் கணக்கு உங்களுக்குப் புரியும். உங்கள் சட்டை கல்யாணத்தன்று இருந்த அளவில் இல்லை. பக்கத்துக்கு மூன்று விரல் பெரிதாகிவிட்டது. அந்த மூன்று விரலையும் தாண்டி ஒரு பிடி துணி உங்கள் கையில் வருகிறது என்றால், மாப்பிள்ளையாக வந்தபோது இருந்ததைவிட நீங்கள் இளைத்துவிட்டீர்கள். அன்றைக்கே, "மாப்பிள்ளை பக்கவாட்டில திரும்பினா காணாமப் போயிடுவார்" என்று என் அண்ணன் கேலி பண்ணினார். வயிறு இறங்கினால் அது நடையால் இறங்கியது என்பேன். நான் தொடவே தொடாத தோள் ஏன் இறங்குகிறது?

காலையில் ரொட்டி, மத்தியானம் வாழைப்பழம், ராத்திரி ஒன்றுமில்லை. அடுப்பு மேடையில் செய்தித்தாள். படித்துவிட்டுக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன்.

உடனே டாக்டரைப் பாருங்கள். நர்ஸைக் கூட்டிக்கொண்டு போங்கள். என்ன சொன்னார் என்று மறைக்காமல் எழுதுங்கள்.

*

ஏப்ரல் 4

அன்புள்ள குருவிக்கு,

டாக்டரைப் பார்த்தேன். நர்ஸும் வந்தாள். ரத்தம், நெஞ்சு எல்லாம் பார்த்தார்கள். நோய் என்று ஒன்றும் இல்லை. டாக்டர் சின்ன வயதுக்காரர். கடைசியில் பேனாவை மூடி வைத்துவிட்டு, "வீட்ல யார் சமைக்கறாங்க?" என்றார். "மனைவி மகள் வீட்டுக்குப் போயிருக்காங்க" என்றேன். "எப்ப வருவாங்க?" என்றார். பதில் தெரியாமல் எழுந்து நிற்கும் பையனைப்போல் கூரையைப் பார்த்தேன். நர்ஸ்தான், "நான் பாத்துக்கறேன் டாக்டர்" என்றாள். அன்றிலிருந்து மத்தியானம் ஒரு தட்டில் சோறு கொண்டுவந்து வைத்துவிட்டு, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை படியில் உட்கார்ந்து போன் பார்க்கிறாள்.

நீ மறைக்காமல் எழுதச் சொன்னாய். நான் சாப்பிடாமல் இருந்தது சட்டைக்காக என்றுதான் எனக்கே சொல்லிக்கொண்டேன். முதல் மாதம் அது உண்மை. பிறகு சட்டை ஒரு சாக்கு. தட்டு வைத்து உட்கார்ந்தால் எதிரே உன் நாற்காலி தெரிகிறது. நின்றபடி சாப்பிட்டால் தெரிவதில்லை. நின்றபடி எவ்வளவுதான் சாப்பிட முடியும்?

உன் கடிதம் வந்த அன்று சட்டையை உட்பக்கம் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பட்டு ஒன்றையும் மறப்பதில்லை. நீ பிரித்த ஒவ்வொரு தையலின் ஊசித் துளையும் வரிசையாக அப்படியே இருக்கிறது, வெட்டிய மரத்தில் வளையம் தெரிகிற மாதிரி. விரலால் தடவிக்கொண்டே போனேன். கடைசி வரிசைக்கு அப்பால் அந்தப் பட்டைகள். ஒட்டுப் போட்ட இடம் தெரியாத அளவுக்குப் பொடித் தையல். நான் பள்ளிக்கூடம் போனபின் உட்கார்ந்து தைத்திருப்பாய்.

இத்தனை வருஷம் பிள்ளைகளுக்கு ரப்பர் அடிக்கோலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். வீட்டில் ஒருத்தி எனக்காக அடிக்கோலை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் மாறவே இல்லை என்று அளந்து அளந்து சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்று நான் சொன்னதற்கு வருத்தம் என்று எழுதினால் அது சின்ன வார்த்தையாக இருக்கிறது. அதனால் வேறொன்று செய்திருக்கிறேன். பிளேடை வைத்து ஒவ்வொரு தையலாக வெட்டி, பட்டைகள் இரண்டையும் கிழியாமல் எடுத்துவிட்டேன். இந்தக் கடிதத்தோடு மடித்து வைத்திருக்கிறேன். என் வியர்வையில் நிறம் கொஞ்சம் மங்கியிருக்கிறது. அது உன் ரவிக்கையின் துணி. அதற்கே போகட்டும். சட்டை இப்போது இரண்டு பக்கமும் வாயைத் திறந்துகொண்டு அலமாரியில் தொங்குகிறது. எனக்குத் தைக்கத் தெரியாது. தையல்காரரிடமும் கொடுக்கவில்லை.

மே மாதம் நீ எந்தப் புடவையில் வந்தாலும் ஓரமாக நிற்காதே. நான் வேறு சட்டையில் வருகிறேன். அந்தப் பெண்ணிடம் ஏதாவது சொல்லிக்கொள்ளலாம்.

பரணிலிருந்து ஒரு பாத்திரத்தை மட்டும் இறக்கி வைத்தேன்.

நான்.

*

ஏப்ரல் 13

உங்களுக்கு,

பட்டைகள் வந்தன. கவரிலிருந்து எடுத்தபோது மகள் பார்த்துவிட்டாள். "என்னம்மா இது, அப்பா கந்தல் அனுப்பியிருக்கார்?" என்றாள். உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். எழுந்து போய்க் குழந்தைக்குப் பால் கலக்கினாள். வெகுநேரம் கலக்கினாள். "நீ கிளம்பும்மா. நாங்க ஆள் பாத்துக்கறோம்" என்றாள்.

ரவிக்கையில் பட்டைகளை வைத்துத் தைத்துவிட்டேன். கொக்கி எல்லாம் மாட்ட முடிகிறது. மூச்சு மட்டும் கொஞ்சம் கணக்குப் பார்த்து விட வேண்டும். பக்கத்தில் நிறம் வேறாகத்தான் தெரிகிறது. தெரியட்டும். கையைத் தூக்க மாட்டேன்.

பேத்தியை விட்டு வர வேண்டும். லிப்ட் சத்தம் கேட்டால் இனி அவள் மட்டும் தலையைத் தூக்கிப் பார்ப்பாள். அதை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

மே முதல் வாரம் வருகிறேன். ஸ்டேஷனுக்கு வர வேண்டாம், வெயில். வீட்டில் இருங்கள். மற்றப் பாத்திரங்களைப் பரணிலிருந்து நீங்கள் இறக்க வேண்டாம், ஏணி ஆடும். நான் பிடித்துக்கொள்கிறேன், அப்போது ஏறுங்கள். செய்தித்தாளை மட்டும் அடுப்பு மேடையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

அந்தச் சட்டையை யாரும் தொடக் கூடாது. வேறு சட்டை என்ற பேச்சும் வேண்டாம். ஊசியும் சந்தன நிற நூலும் கைப்பையில் எடுத்து வைத்துவிட்டேன். வந்ததும் உங்களை நிறுத்தி, எவ்வளவு மிச்சமிருக்கிறீர்கள் என்று பார்த்து, அந்த அளவுக்குப் பிடித்துத் தருகிறேன்.

போட்டோ எடுத்து முடிக்கும்வரை நின்றால் போதும். தையலை நெருக்கிப் போட மாட்டேன். பிறகு பிரிக்க வேண்டி வரும்.

கோழி.